தனியாகப் படகில் பாய் விரிக்க நாள் பார்ப்பது

முல்லைத்தீவிலிருந்து திருகோணமலைக்குக் கடல்வழி ஏறக்குறைய 50 கடல் மைல். என்னுடைய 18 அடிப் படகு பாயில் ஓடினால் 13 மணி நேரம். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காத மாதங்களில் கட்டிய பாய் அது. மண்ணெண்ணெய் வந்த பிறகும் கழற்ற மனம் வரவில்லை. அந்த 13 மணி நேரத்துக்காக, நல்ல காற்றைப் பார்த்து, ஒருமுறை 11 நாள் கரையோர வாடிக் குடிசையில் குந்தியிருந்தேன். அந்த இருப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வாடைக் காலத்தை முதலிலேயே தள்ளிவிடுங்கள். வழியிலுள்ள நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளில் மழைவெள்ளம் முகத்துவாரத்தால் வெளியே பாயும், கடல் எதிரே வரும். இரண்டும் மோதும் இடத்தில் அலை சுவர்போல் எழுந்து உடையும். ஒதுங்கலாம் என்று அங்கே நுழைந்தால் படகு மிஞ்சாது. புயலும் அந்த மாதங்களில்தான்: 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. நான் போகும் அதே கரை.

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வேறு மாதிரி ஏமாற்றும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் குளம்போலக் கிடக்கும். அலைகள் நம்மை விட்டு விலகி ஓடுவதால் அவற்றின் முதுகைத்தான் பார்க்கிறோம். வெள்ளை நுரை உடையும் முகம் மறுபக்கம். ஓர் ஆனி மாதம் இதை நம்பிப் படகைத் தள்ளினேன். இரண்டு மைல் தாண்டியதும் சுக்கான் ஆணி முறிந்தது. பனைமரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்தப் பக்கம் வங்காள விரிகுடாதான். பலநாள் படகு ஒன்று கண்டு இழுத்து வந்தது. இப்போது கால் நனையும் தண்ணீரைப் பார்ப்பதில்லை, அடிவானத்தைப் பார்க்கிறேன். கோடு நேராக இருந்தால் சரி. அரிவாள் பல்லைப்போலத் தெரிந்தால் வெளியே கடல் எழும்பியிருக்கிறது.

ஆகவே எனக்குப் பங்குனி, சித்திரை. விடியுமுன் தரைக்காற்று தள்ளிவிடும், மதியத்துக்குப் பின் கடற்காற்று பிடிக்கும். இந்தக் காலத்தின் தொல்லை பின்னேர இடிமழை. தொடர்ந்து மூன்று நாள் பின்னேரம் உள்நாட்டில் ஒட்டுசுட்டான் பக்கம் பாருங்கள். மேகம் கோபுரமாய் வளர்ந்து உச்சி தட்டையாகப் பரவினால் மூன்று நாளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். 11 நாள் ஆனது இப்படித்தான்.

கைத்தொலைபேசியில் காற்றழுத்தம் காட்டும் வசதி இருந்தால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நம் பக்கத்தில் அழுத்தம் தினமும் காலை 10 மணியளவில் உயர்ந்து மாலை 4 மணியளவில் இறங்கும். மாலையில் இறங்கியதைக் கண்டு பயப்படவேண்டாம். நேற்று 10 மணியை இன்று 10 மணியோடு ஒப்பிடுங்கள். அந்த மாதத்து வழக்கத்தைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகம், 5 குறைந்தால் படகை மேலே இழுத்துக் கட்டும் வேலை.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலையும் கேட்கிறேன். அவர்கள் சொல்லும் காற்று சராசரி. இடையிடையே அதைவிடப் பலமாக அடிக்கும். காற்று இரண்டு மடங்கானால் பாய்மேல் விழும் அடி நான்கு மடங்கு. இரண்டு பேர் என்றால் ஒருவர் சுக்கானைப் பிடிக்க மற்றவர் பாயைச் சுருக்கலாம். தனியாள் எதை விடுவது? எனக்கு மணிக்கு 20 கிலோமீட்டர்தான் எல்லை. 13 மணி நேரப் பயணத்துக்கு 36 மணி நேரம் நல்ல காற்று வேண்டும். இந்த எண்களை வாடிக் கதவில் கரியால் எழுதியிருக்கிறேன், ஒன்பதாம் நாள் நானே பேரம் பேசத் தொடங்குவேன் என்பது தெரியும்.

இருக்கும் நாட்களில் வலை பொத்தலாம், சுக்கான் ஆணியை மாற்றலாம். கடினமானது வீட்டு அழைப்பு. “என்னப்பா, இன்னும் போகவில்லையா?” என்பாள் மனைவி. திருகோணமலையிலிருந்து மருமகன், “மாமா, சனிக்கிழமை வந்துவிடுவீர்கள்தானே?” என்பான். கிழமை மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் அந்தக் கிழமைக்காகவே கடலில் இறங்குவீர்கள்.

தள்ளுகிற இரவில்தான் மருமகனுக்கு நேரம் சொல்கிறேன்: “3 மணிக்கு இறங்குகிறேன். இரவு 8 மணிவரை என் குரல் கேட்காவிட்டால் தேடச் சொல்.”