உண்மையைத் தேடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஒரு செய்தி நிஜமா என்று பார்க்க போனை எடுக்கிறோம். சந்தேகமாக இருக்கும் அதே வாக்கியத்தை அப்படியே போட்டுத் தேடுகிறோம். அதையே சொல்லும் நாலு பக்கங்கள் வந்து நிற்கின்றன. சரி, உண்மைதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான் என்பேன்.

1960-ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிப்படி அமைந்தவை. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துகிறதா என்று சொல்கிறேன். விதி பிடிபட்டதும் சொல்லுங்கள் என்றார். பலர் 8, 10, 12 என்கிற மாதிரியே கேட்டுக்கொண்டு போனார்கள். எல்லாமே பொருந்தின. 'இரண்டிரண்டாகக் கூட வேண்டும்' என்று அடித்துச் சொன்னார்கள். தவறு! ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் போதும் என்பதுதான் விதி. 1, 2, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 29 பேரில் முதல் பதிலையே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர்தான்.

ஆகவே, நம் கருத்து தப்பு என்றால் என்ன கிடைக்க வேண்டுமோ அதையும் தேட வேண்டும். மறுப்பவர்கள் என்ன ஆதாரம் காட்டுகிறார்கள் என்று படிக்க வேண்டும். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அடுத்தது, அடிக்கடி காதில் விழுவதை நம்பிவிடுவது. ஒரே கூற்றைச் சில வாரங்களில் மறுபடி மறுபடி கேட்டவர்களுக்கு, அது பொய்யாக இருந்தாலும் நம்பகமாகத் தோன்றியதை 1977-லேயே ஒரு ஆய்வு காட்டிவிட்டது. ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்த தகவலுக்கு மூலம் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பதை விடுங்கள். முதலில் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று பாருங்கள்.

புரிந்துவிட்டது என்ற நினைப்பும் ஏமாற்றும். ஜிப் எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாக எழுதிப் பாருங்களேன். மூன்றாவது வரியிலேயே தடுமாறுவோம். ஜிப்புக்கே இப்படி என்றால், பொருளாதாரக் கொள்கைக்கு?

அப்புறம், எதையுமே நம்பாமல் இருப்பதை ஆராய்ச்சி மனப்பான்மை என்று நினைப்பவர்கள். இவர்கள் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷலை இழுப்பார்கள்: வயிற்றுப் புண்ணுக்கு ஒரு கிருமிதான் காரணம் என்றார், நிபுணர்கள் ஏற்கவில்லை, 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார், 2005-ல் நோபல் பரிசு வாங்கினார் என்று. கதை உண்மைதான். ஆனால் குடித்ததால் அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் அல்ல. அதற்கு முன்பே அவரும் உடன் ஆய்வு செய்த ராபின் வாரனும் நோயாளிகளின் இரைப்பைத் திசுக்களில் அந்தக் கிருமியைக் கண்டு, வளர்த்தும் காட்டியிருந்தார்கள். கிருமியை ஒழித்தால் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது என்று வேறு பலரின் ஆய்வுகளும் காட்டிய பிறகுதான் மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது.