பெடல் கழலவில்லையா? முதலில் எந்தப் பக்கம் திருகுகிறீர்கள் என்று பாருங்கள்

நாகப்பட்டினத்தில் அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து கிடந்த கியர் சைக்கிள் அது. இடது பெடலைக் கழற்ற நானும் அக்கா மகனும் அரை மணி நேரம் மாறி மாறி மல்லுக்கட்டினோம். ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, ஏறி நிற்காத குறையாக அழுத்தினோம். அவ்வளவு நேரமும் நாங்கள் அதை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். திசை தவறு என்று புரிந்து மாற்றித் திருப்பியபோது, ஏற்கெனவே இருந்த துருவோடு நாங்கள் ஏற்றிவைத்த இறுக்கமும் சேர்ந்துகொண்டு, கழல இரண்டு நாள் ஆனது.

வலது பெடலுக்கு மற்ற எல்லா நட்டு போல்ட்டுக்கும் இருக்கிற சாதாரண மரைதான். இடது பெடலுக்கு மட்டும் எதிர்மரை. "வலம் சுற்றினால் இறுக்கம், இடம் சுற்றினால் தளர்வு" என்று கைக்குப் பழகிப்போன கணக்கை இடப்பக்கம் கொண்டுபோனால் காரியம் கெட்டது. அதைவிட, உள்பக்கமிருந்து ஆலன் கீ (எல் வடிவில் வளைந்த அறுகோணக் கம்பி) போட்டுக் கழற்றும் பெடல்களில் நாம் எதிர்ப்புறமாகப் பார்ப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். அதனால் இடம் வலம் கணக்கையே விட்டுவிடுங்கள். ஸ்பேனரின் பிடியை மேல்நோக்கி நிறுத்தி அதன் நுனியைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும். எந்தப் பெடலானாலும், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இதுதான்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்டால், ஒரு பென்சிலை முஷ்டிக்குள் தளர்வாகப் பிடித்து அதன் மேல்நுனியை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள், பென்சில் தனக்குத்தானே எதிர்த்திசையில் உருளும். மிதிக்கும்போது பெடல் அச்சும், பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் துளைக்குள் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக உருளப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மரை இருந்தால் இடது பெடல் ஓட்ட ஓட்டத் தானாகக் கழன்றுவிடும். விமானம் செய்வதற்கு முன் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், தங்கள் சைக்கிள்களில் இந்த எதிர்மரையைப் போட்டார்கள்.

சரி, திசை சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அடுத்த தவறு கருவியில் நடக்கும். பெரும்பாலான பெடல்களுக்கு 15 மி.மீ. ஸ்பேனர், உள்பக்கத்தில் அறுகோணக் குழி இருந்தால் 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ. வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள், முரண்டு பிடிக்கும் பெடலில் அது ஒருமுறை வழுக்கினால் போதும், ஸ்பேனர் பிடிக்கிற தட்டை முகம் மழுங்கிவிடும், அப்புறம் எதுவும் பிடிக்காது. பெடலின் வெளி நுனியில் தெரியும் நட்டைத் திருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பால்ரஸைப் பிடித்திருக்கும் நட்டு, அதைக் கழற்றினால் உள்ளே இருக்கும் குண்டுகள்தான் தரையில் கொட்டும்.

பலம் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சைக்கிளைத் தரையில் நிறுத்தி, கழற்ற வேண்டிய பெடலை முன்பக்கம் கொண்டுவாருங்கள். ஸ்பேனரைப் பின்நோக்கி, கிராங்குக்குச் சற்று மேலே இருக்கும்படி மாட்டி, கிராங்கோடு சேர்த்துக் கீழே அமுக்குங்கள். இரண்டு பக்கமும் இதே நிலைதான். நீளமான ஸ்பேனரானால் கிராங்க் பின்னால் சுழன்று ஓடப் பார்க்கும், மறுபக்கக் கிராங்கை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். வலது பெடலுக்குக் கை வைக்கும் முன் செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி அதன் பற்களை மூடிவிடுங்கள். இல்லையென்றால், பெடல் திடீரென்று விடும்போது விரல் முட்டி நேராக அந்தப் பற்களில்தான் போய் மோதும், காயம் ஆழமாக இருக்கும்.

சுத்தியலால் பெடல் அச்சின் மேல் அடிக்கவே கூடாது. அடி நடு அச்சின் பேரிங்குக்குப் போகும், காட்டர் பின் (கிராங்கை நடு அச்சோடு பிடித்துவைக்கும் ஆப்பு) போட்ட பழைய சைக்கிளானால் பின்னும் கெடும். ஸ்பேனரின் பிடி நுனியில் சின்னச் சின்னதாகத் தட்டுவது வேறு, அது உதவும்.

எண்ணெயில் நாம் காட்டும் அவசரம்தான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். துரு நீக்கும் ஸ்பிரேயையோ மண்ணெண்ணெயையோ விட்டு ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரை எடுத்தால் அது மரைக்குள் போயே இருக்காது. கழற்ற வேண்டிய பெடல் மேலே வரும்படி சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, அச்சு கிராங்குக்குள் நுழையும் இடத்தில் விடுங்கள், ஒரு இரவு ஊறட்டும், காலையில் இன்னொரு முறை விடுங்கள். கிராங்கின் உள்பக்கம் அச்சு நுனி தெரிந்தால் அங்கேயும். கடலோர ஊர்களில், அலுமினியக் கிராங்கில் இரும்பு அச்சு இருந்தால் இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் அரித்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் பெடலில் நடந்தது அதுதான். அதற்குக் கொதிக்கிற தண்ணீர் நல்ல மருந்து. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் கிராங்கின் நுனியில் துணி சுற்றி மெதுவாக ஊற்றி, சூடு ஆறுவதற்குள் திருப்புங்கள். கேஸ் பர்னர் வேண்டாம், பெயிண்டும் கிரீஸும் பிளாஸ்டிக்கும் போய்விடும். கார்பன் கிராங்காக இருந்தால் வெந்நீரும் வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள்.

எங்களுக்கு இரண்டாம் நாள் மூன்றாவது கெட்டில் தண்ணீருக்கு "டக்" என்று ஒரு சத்தம் வந்தது, அப்புறம் கையாலேயே சுற்றி எடுத்தோம். திரும்ப மாட்டும்போது மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, அச்சில் எல், ஆர் எழுத்தைப் பார்த்துப் பக்கம் மாறாமல் விரலாலேயே திருகத் தொடங்கினோம். விரலால் இரண்டு மூன்று சுற்று லேசாகப் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, ஸ்பேனரைத் தொடாமல் வெளியே எடுத்து மறுபடி மாட்டுங்கள்.