நரியை விசிலடித்து அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் செந்நரி வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். துப்பாக்கி உரிமம், நிலச் சொந்தக்காரரின் அனுமதி, அசையாமல் உட்காருவது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆடுகள் குட்டி போடும் நிலத்தில் விசில் பழகுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. தகரத்தை மடித்துத் துளையிட்ட சின்ன விசிலை வாங்கியதும், இரை கிடைக்கும் என்று நரியை வரவைக்கும் அடிபட்ட முயலின் அலறல் அதில் சரியாக வருகிறதா என்று பண்ணையிலேயே ஊதிப் பார்க்கிறார்கள். கோடை முடிந்து இலையுதிர்காலம் வரும்போது இளம் நரிகள் தாயின் இடத்தை விட்டுப் பிரிந்து அலையும். அனுபவமில்லாத அவை சத்தம் கேட்டதும் ஓடி வரும். வந்த இடத்தில் மனித வாடை அடிக்கும், அல்லது அவசரத்தில் சுட்ட குண்டு தவறும். தப்பித்த நரிக்கு அந்தச் சத்தம் மறக்காது.

நான் போகும் ஒரு பண்ணையில் ஓர் இளைஞர் மாலைதோறும் வண்டியில் இருந்தபடியே ஊதிக்கொண்டிருந்தார். அப்புறம் குளிர்காலத்தில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கியபோது, குட்டிகளைத் தூக்கும் நரிகளைச் சுட என்னைக் கூப்பிட்டார்கள். முதல் ஊதலுக்கே நரிகள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. நஷ்டம் வேட்டைக்காரருக்கு இல்லை, குட்டிகளை இழந்த பண்ணைக்காரருக்கு.

வீட்டில், காருக்குள் பழகுங்கள். சத்தம் பிடிபட்ட பிறகு நிலத்துக்குப் போங்கள். ஒரு நரி தப்பிவிட்டால் அந்த இடத்தைச் சில வாரங்கள் விட்டுவிடுங்கள். திரும்பப் போகும்போது வேறு சத்தம், வேறு மூலை. முயல் அலறலுக்குப் பதில் புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சி எழுப்பும் எலிக் கீச்சலுக்கு, ஏமாந்த நரிகூடச் சில சமயம் வரும்.

ஓயாமல் ஊதுவது

சில நொடிகள் ஊதி, ஓரிரு நிமிடம் நிறுத்துங்கள். நரி அருகில் வந்துவிட்டால் மெல்ல ஊதினாலே போதும்.

வாடை போகும் பக்கத்தை மறப்பது

நரி பெரும்பாலும் நேராக வந்து நிற்காது. சுற்றிப் போய், காற்று நம் வாடையைக் கொண்டுபோகும் பக்கத்தில் நின்று மோப்பம் பிடிக்கும். எல்லோரும் காற்றுக்கு எதிரே முகம் வைத்து உட்காருகிறார்கள். சரி, ஆனால் பின்பக்கம் புதராக இருந்தால் நரி வந்துபோனதே தெரியாது. அந்தப் பக்கம் திறந்தவெளியாக இருக்கும்படி இடம் பாருங்கள்.

மின்னும் கண்ணை மட்டும் பார்த்துச் சுடுவது

இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டுக்கும் நாய்க்கும்கூடக் கண் மின்னும். உடல் முழுதும் தெரியாமல் சுடவே கூடாது.

சுட்டதும் எழுந்து நடப்பது

உட்கார்ந்தே இருங்கள். மறுபடி ஊதுங்கள். இணை சேரும் குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகத் திரியும், இரண்டாவது நரி பக்கத்திலேயே இருக்கலாம்.