எர்ல் ஸ்க்ரக்ஸின் வாழ்க்கையை வைத்து பாஞ்சோ பழகுவது எப்படி

ஐந்து தந்தி பாஞ்சோவை மூன்று விரலால் வாசிக்கப் பழக வேண்டும் என்று யார் கேட்டாலும், முதலில் எர்ல் ஸ்க்ரக்ஸ் எப்படிப் பழகினார் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையில் இன்று நம் காதில் விழும் பாஞ்சோ வாசிப்பில் பெரும்பகுதி அவர் கையிலிருந்து வந்தது. அவர் முதலில் வலது கையைப் பழகினார், அடுத்து காலப்பிரமாணம், அதற்கப்புறம் பாடுபவருக்குப் பின்னால் வாசிப்பது. வேகம் கடைசியாகத் தானே வந்தது. நான் வேகத்தில் ஆரம்பித்தேன். எட்டு மாதம் வீணாகப் போயிற்று.

நான் இருப்பது வட கரோலினாவில், சார்லட்டில். எர்ல் 1924 ஜனவரி 6 அன்று பிறந்த ஃபிளிண்ட் ஹில் என்ற கிராமப்பகுதி இங்கிருந்து மேற்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவருடைய அப்பா விவசாயி, பாஞ்சோவும் வாசிப்பார். எர்லுக்கு 4 வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். பாஞ்சோ வீட்டிலேயே தங்கிவிட்டது. அண்ணன் ஜூனி அதை வாசித்தார், பார்த்துப் பார்த்துத் தம்பியும் எடுத்தார்.

வாத்தியம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பாஞ்சோ என்று கேட்டால் பல கடைகளில் புல்புல்தாராவைத்தான் எடுத்து வைப்பார்கள், அது வேறு வாத்தியம். அமெரிக்காவிலும் நாலு தந்தி பாஞ்சோ உண்டு, அதுவும் இதற்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது ஐந்து தந்தி உள்ளது. ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டையாக, கழுத்தின் பாதியில், ஐந்தாம் கட்டையருகே (கட்டை என்பது கழுத்தில் தந்தியை அழுத்தும் ஃப்ரெட்) தனி முறுக்காணியில் மாட்டியிருக்கும். பின்புறம் மரத்தட்டு மூடியதாகப் பார்த்து வாங்குங்கள், ஒலி முன்பக்கம் தெறித்து வரும். அப்படிப்பட்டது நாலைந்து கிலோ கனக்கும், அதனால் தோள்பட்டை வாரையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அந்தக் காலத்தில் முகப்பில் தோல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் மிருதங்கம் தளர்வதுபோல அதுவும் தளரும். இப்போது பிளாஸ்டிக் என்பதால் அந்தக் கவலை இல்லை.

சுருதி சேர்ப்பது நமக்குக் கஷ்டமே இல்லை. ஜி சுருதியை சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் தந்தி கீழ்ப் பஞ்சமம், மூன்றாம் தந்தி சட்ஜமம், இரண்டாம் தந்தி அந்தர காந்தாரம், முதல் தந்தி பஞ்சமம். குட்டையான ஐந்தாம் தந்தி மேல் சட்ஜமம். இடது கையால் எதையும் அழுத்தாமல் மொத்தமாக மீட்டினாலே ஸ-க-ப கிடைத்துவிடும். ஐந்தாம் தந்தியை வீணையின் பக்கத் தந்திகள்போல நினைத்துக்கொண்டால் போதும்: பாட்டு எங்கே போனாலும் அது ஒரே இடத்தில் நின்று ஒலிக்கும். அதை இழுப்பது வலது கைக் கட்டைவிரல்.

அடுத்து விரலில் மாட்டி மீட்டும் செயற்கை நகங்கள். கட்டைவிரலுக்குப் பிளாஸ்டிக், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உலோகம். உலோகத்தைப் பலரும் நம் நகத்துக்கு மேல் வருவதுபோல மாட்டுவார்கள். அது தப்பு. தகடு விரல்நுனியின் சதைப் பக்கம் வர வேண்டும், தந்தியில் படுவது அந்தத் தகடுதான். முதல் இரண்டு வாரம் தகரடப்பாவைச் சுரண்டுவதுபோலச் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரலை, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் முகப்பின்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். முடிந்தால் மோதிர விரலும் ஊன்றலாம், எர்ல் இரண்டையும் ஊன்றியவர். கை அங்கே நிலைத்தால்தான் மற்ற மூன்று விரலும் குறி தப்பாமல் விழும்.

இனி மூன்று விரல் சமாச்சாரம். எர்ல் சிறுவயதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். 10 வயதில் ஒருநாள் அண்ணனோடு சண்டை. கோபத்தில் போய் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து, ஏதோ நினைப்பில் 'ரூபன்' என்ற பழைய பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பார்த்தால் நடுவிரலும் கூடச் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இது மொத்தமும் அவர் ஒருவரின் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பகுதியில் ஸ்மித் ஹாமெட், ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றவர்கள் அவருக்கு முன்பே மூன்று விரலில் வாசித்தார்கள். ஆனால் அந்த ஓட்டத்தை நூல் அறுபடாமல் நெய்து, அதற்குள் பாட்டின் மெட்டு தெளிவாகக் கேட்கும்படி செய்தவர் எர்ல்.

அந்த ஓட்டத்துக்கு ரோல் என்று பெயர். முதலில் பழக வேண்டிய முன்னோட்ட ரோலில் (ஃபார்வர்ட் ரோல்) எட்டு அடி. கட்டை, ஆள்காட்டி, நடு, கட்டை, ஆள்காட்டி, நடு, கட்டை, நடு. தந்தி வரிசை மூன்று-இரண்டு-ஒன்று, ஐந்து-இரண்டு-ஒன்று, ஐந்து-ஒன்று. எண்ணிப் பாருங்கள்: மூன்று, மூன்று, இரண்டு. தகிட தகிட தக. சின்ன வயதில் நாலு வருடம் மிருதங்கம் கற்றவன் நான். இங்கே கிடைத்த பாடங்களில் அம்புக்குறியும் எண்ணுமாகப் பார்த்துக் குழம்பிக் கிடந்தவனுக்கு, வாயால் தகிட தகிட தக என்று சொன்ன அன்றைக்கு விரல் தானாக விழுந்தது. இதன் அழகே, காலால் போடும் தாளம் நேராக நாலு நாலாகப் போகும்போது மேலே மூன்று மூன்றாக உருள்வதுதான். கேட்கிறவருக்கு அதனால்தான் உந்தித் தள்ளுவதுபோல இருக்கிறது. தினம் இருபது நிமிடம் இது ஒன்று மட்டும். இடது கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அடியும் ஒரே கனத்தில் கேட்டபிறகு, மூன்றாம் தந்தியில் விழும் முதல் அடியை மட்டும் கொஞ்சம் அழுத்துங்கள். பாட்டின் மெட்டு நாளைக்கு அந்த அழுத்தத்தில்தான் உட்காரப் போகிறது.

இப்போது காலப்பிரமாணம். எர்லும் இன்னொரு அண்ணன் ஹொரேஸும் சிறுவர்களாக இருந்தபோது ஒரு பயிற்சி செய்வார்கள். இருவரும் ஒரு இடத்தில் நின்று ஒரே பாட்டை ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்ததும் ஒருவர் வீட்டை இடப்பக்கமாகச் சுற்றி நடப்பார், மற்றவர் வலப்பக்கமாக. தூரம் போகப் போக ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்காது. மறுபடி சந்திக்கும்போது இருவரும் பாட்டின் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். இதை நான் முதலில் சுவையான கதையாக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். செய்து பார்த்தபோதுதான் என் குறை தெரிந்தது.

என் மகள் பள்ளியில் கிதார் வாசிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசல் கதவருகே இருவரும் சேர்ந்து ஆரம்பித்தோம். அவள் கராஜ் பக்கமாகப் போனாள், நான் கொல்லைப்பக்கமாக. முதல் சுவர் தாண்டும்வரை அவளுடைய கிதார் கேட்டது. கொல்லையில் ஏசி எந்திரத்தின் இரைச்சல். அதைத் தாண்டியபோது என் கையைத் தவிர எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. அங்கேதான் கை ஓட ஆரம்பித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கராஜுக்கு முன்னால் எதிரெதிரே வந்தபோது நான் ஒரு வரி முன்னால் இருந்தேன். "அப்பா, நீங்க ஓடிட்டீங்க" என்றாள். மறுபடி செய்தோம், மறுபடியும் ஓடினேன். ஆறாவது வாரம்தான் இருவரும் ஒரே அடியில் சந்தித்தோம், வாசித்தபடியே சிரித்துவிட்டாள். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் நல்ல கருவிதான், ஆனால் அது காதுக்குள் தட்டிக்கொண்டே இருக்கிறது. தட்டுவது நின்றபிறகும் உள்ளே ஓடுகிறதா என்பதைச் சொல்ல இந்தப் பயிற்சிதான் வேண்டும். கூட ஆள் இல்லையென்றால் பதிவு ஒன்றை ஓடவிட்டு, எட்டு வரிக்கு ஒலியை அணைத்து, திரும்பத் திறந்து பாருங்கள்.

இதோடு ஜாமுக்கு, அதாவது பலர் கூடி வாசிக்கும் இடத்துக்கு, போகலாம் என்று நினைப்பீர்கள். நானும் போனேன். ஷெல்பிக்குப் பக்கத்தில் ஒரு கடையின் பின்னறையில் வாரம் ஒருநாள் கூடுவார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஒரு பாட்டு. ஒரு பாட்டியம்மா கண்ணை மூடிக்கொண்டு மெதுவான பாட்டு ஒன்றைத் தொடங்கினார். பழகிய ரோலை முழு ஒலியில் நான் உருட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது சரணத்தில் அவர் நிறுத்திவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. கலையும்போது பாஸ் வாசிக்கும் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, பாடுகிறவர் வாய் திறந்தால் உன் கை தணிய வேண்டும், அவர் மூச்சு வாங்கும் இடைவெளிதான் உன் இடம் என்றார். வீட்டுக்குப் போய் 1946 பதிவுகளைக் கேள் என்றும் சொன்னார்.

அந்தப் பதிவுகளின் பின்னணி இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எர்ல் ஷெல்பியில் ஒரு நூல் ஆலையில் மணிக்கு 40 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். போர் முடிந்ததும் ஆலையை விட்டு லாஸ்ட் ஜான் மில்லரின் குழுவில் சேர்ந்தார். அது நின்றுபோகவே, 1945 டிசம்பரில் பில் மன்ரோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவுக்கு வந்தார். வாரம் 50 டாலர் சம்பளம். அந்தக் குழுவில் கிதார் வாசித்துப் பாடிய லெஸ்டர் ஃபிளாட்டுக்கு இன்னொரு பாஞ்சோக்காரர் வருவதில் விருப்பமே இல்லை. எர்ல் வாசித்துக் காட்டியதைக் கேட்டதும், எவ்வளவு செலவானாலும் இவரை விடாதீர்கள் என்று மன்ரோவிடம் சொன்னவரும் அவரேதான். 1946 செப்டம்பரில் சிகாகோவில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். மன்ரோ மாண்டலின், ஃபிளாட் கிதார், எர்ல் பாஞ்சோ, சப்பி வைஸ் ஃபிடில், ஹோவர்ட் வாட்ஸ் பாஸ். இந்த ஐந்து பேர் கூடிய கட்டமைப்பையே இன்றுவரை புளூகிராஸ் குழுக்கள் பின்பற்றுகின்றன.

அந்தப் பதிவுகளைக் கேட்கும்போது பாஞ்சோ தனியாகப் பாயும் இடங்களை முதலில் விட்டுவிடுங்கள், அவை எப்படியும் உங்களை இழுத்துக்கொள்ளும். மன்ரோவோ ஃபிளாட்டோ பாடும்போது பாஞ்சோ எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் காது கொடுங்கள். வரியின் நடுவில் தாழ்ந்துவிடும், வரி முடிந்த இடத்தில் நாலு அடி மேலே வந்து மறுபடி உள்ளே போய்விடும். அதை அப்படியே செய்ய ஒரு வழி உண்டு. தெரிந்த ஒரு பாட்டை நீங்களே வாய்விட்டுப் பாடிக்கொண்டு வாசியுங்கள். பாட்டு உங்கள் காதிலேயே அமுங்கினால் கை அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். ஒலியைக் குறைக்க விரலை மென்மையாக்க வேண்டியதில்லை, கையைக் குதிரையிலிருந்து கழுத்துப் பக்கம் இரண்டு அங்குலம் நகர்த்தினாலே ஒலி உருண்டையாகித் தணிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் 'ஃபாகி மௌண்டன் பிரேக்டவுன்' என்ற எர்லின் வாத்திய மெட்டு. 1948-இல் எர்லும் ஃபிளாட்டும் மன்ரோவிடமிருந்து விலகித் தனிக்குழு தொடங்கினார்கள், 1949 டிசம்பரில் இதைப் பதிவு செய்தார்கள். எல்லோரும் முதல் நாளே இதில் கை வைக்கிறார்கள். தொடக்கமே இடது கைக்குச் சோதனை: இரண்டாம் தந்தியில் இரண்டாம் கட்டையை அழுத்தியபடி வலது கை மீட்ட, உடனே அடுத்த விரல் மூன்றாம் கட்டையில் சுத்தியல்போல விழ வேண்டும். பிரதி மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே மீட்டலில் தாவுவது. அந்தத் தாவல் ரோலின் காலத்துக்குள் அடங்க வேண்டும், கமகம்போல இழையக் கூடாது. நமக்கு அங்கேதான் தவறும், கை பழக்கத்தில் இழைக்கப் பார்க்கும். பாதி வேகத்துக்கும் குறைவாக ஒரு மாதம் அந்த ஒரு இடத்தை மட்டும் செய்யுங்கள்.

வாத்தியத்தைத் தொழிலாக்கும் எண்ணம் இருப்பவர்கள் எர்லின் மனைவி லூயிஸையும் கவனிக்க வேண்டும். 1948-இல் திருமணம். நிகழ்ச்சிகளை ஒப்பந்தம் செய்வது, கணக்கு, குழுவின் நிர்வாகம் எல்லாம் பின்னால் அவர் கைக்கு வந்தது, அந்த உலகில் பெண்கள் அப்போது அந்த வேலைக்கு வந்ததே அபூர்வம். 1953 முதல் மார்த்தா வைட் மாவு நிறுவனம் நாஷ்வில் வானொலியில் அவர்களுடைய விடியற்காலை நிகழ்ச்சிக்கு ஆதரவு தந்தது. இரவு எங்கோ கச்சேரி, காலையில் வானொலி என்று ஓடிய வாழ்க்கை அது. 1955-இல் கார் விபத்தில் எர்லின் இடுப்பு எலும்பு முறிந்தது, அந்த வலி அவரைவிட்டுப் போகவில்லை. 1969-இல் ஃபிளாட்டும் அவரும் பிரிந்தார்கள். ஃபிளாட்டுக்குப் பழைய பாட்டுகள் போதும். எர்லோ தன் பிள்ளைகளோடு மின்கிதாரும் டிரம்ஸும் சேர்த்து வாசிக்கப் போனார். 45 வயதில், உச்சத்தில் இருந்த குழுவை விட்டு அப்படிப் போக அவருக்கிருந்த துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

பயிற்சிக்கு ஒரே ஒரு இசைத்தட்டு வேண்டுமென்றால் 1961-இல் வந்த 'ஃபாகி மௌண்டன் பாஞ்சோ'. எல்லாமே வாத்திய இசை. பாடல்களாக மக்கள் அறிந்த பழைய மெட்டுகளும் அதில் உண்டு. மெட்டைப் பாடிப் பழகிவிட்டு, அது ரோலின் எந்த அடியில் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்கலாம். ஷெல்பிக்கு வர வாய்ப்பிருந்தால், பழைய நீதிமன்றக் கட்டடத்தில் 2014 ஜனவரியில் திறந்த எர்ல் ஸ்க்ரக்ஸ் மையத்தைப் பாருங்கள். அவர் 2012 மார்ச்சில் காலமானார், அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பாஞ்சோவைக் காரிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், ஜூலை வெயிலில் பூட்டிய காருக்குள் அரை மணி நேரத்தில் சுருதி முழுதும் கலைந்துவிடும்.