கல்லின் பழைய கணக்கைப் படிப்பதில் நேரும் தவறுகள்

சுமார் 200 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கக்கூடிய கருங்கல் உருளையை இயந்திரத்தில் வைத்து 80 வரை அழுத்துங்கள். பக்கத்தில் ஒட்டிய சென்சாரில் சடசடவென்று துடிப்புகள் விழும். உள்ளே நுண்விரிசல்கள் விடும் சத்தம். சுமையை இறக்கி மறுபடி ஏற்றினால், 80ஐ நெருங்கும்வரை கல் ஏறக்குறைய வாயே திறக்காது. தாண்டியதும் மறுபடி பேசத் தொடங்கும். யோசெஃப் கைசர் 1950இல் மியூனிக்கில் தன் முனைவர் பட்ட ஆய்வில் உலோகங்களில் கண்டு சொன்னது இது. 1963இல் குட்மேன் பாறையிலும் காட்டினார்.

சரி, அப்படியானால் ஆழத்திலிருந்து எடுத்த துண்டை அழுத்தி, அது பேசும் இடத்தைக் குறித்தால் பூமிக்குள் இருந்த அழுத்தம் தெரிந்துவிடுமே? பலரும் சறுக்குவது இங்கேதான். 1 கி.மீ. ஆழத்தில் மேலுள்ள பாறையின் கனத்தால் மட்டும் சுமார் 26 மெகாபாஸ்கல் இறங்குகிறது. ஆனால் அங்கே கல்லைப் பக்கங்களிலிருந்தும் சுற்றியுள்ள பாறை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி விரிசல்களைத் திறக்க விடாது. ஆய்வகத்திலோ மேலும் கீழும் மட்டுமே அழுத்துகிறோம். கிடைக்கும் எண்ணில் செங்குத்து அழுத்தமும் பக்க அழுத்தமும் கலந்து கிடக்கின்றன. அதை அப்படியே செங்குத்து அழுத்தம் என்று அறிக்கையில் எழுதுவது பிழை. 1993இல் ஹோல்கோம்ப் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவாகவே எச்சரித்திருக்கிறார்.

திசையும் அப்படித்தான். முன்பு அழுத்திய அச்சிலிருந்து துண்டைத் திருப்பி வைத்தால், அந்தப் பக்கத்தில் புதிய விரிசல்கள்தான் பிறக்கும், பழைய கணக்கு அதில் தெரியாது. துளையிட்டுக் கல் உருளையை, அதாவது ‘கோர்’ (core) துண்டை, எடுக்கும்போதே திசைக்குறி போடாவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை.

எல்லாக் கல்லுக்கும் ஒரே ஞாபகசக்தி என்று நினைப்பது இன்னொன்று. கருங்கல் நன்றாக வைத்திருக்கும். உப்புப் பாறை மெல்ல நெளிந்து ஓடி, தன் விரிசலைத் தானே ஆற்றிக்கொள்ளும். அதனிடம் பழைய கதை கேட்பது வீண். களிமண் கலந்த கல்லும் மணற்கல்லும் தண்ணீரில் ஊறினால் மறக்கும். எந்தக் கல்லானாலும் உடையும் அளவை நெருங்கும் வரை அழுத்தியிருந்தால் பழைய உச்சத்துக்கு முன்பே பேசிவிடும்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயந்திரத் தகடும் கல்லின் முகமும் உரசுவதும் சென்சாரில் விழும், அதைக் கல்லின் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். முகங்களைச் சமமாகத் தேய்த்து, நடுவில் டெஃப்லான் தாள் வையுங்கள். அப்புறம், கல்லின் ஞாபகத்தில் சந்தேகம் வந்தால் அதே கோரின் இன்னொரு துண்டில் தெரிந்த ஒரு சுமையை ஏற்றி இறக்கி, சில நாள் கழித்து மறுபடி அழுத்திப் பாருங்கள். முக்கியத் துண்டிலேயே இதைச் செய்தால் அதன் பழைய கணக்கின் மேலேயே எழுதிவிடுவீர்கள்.