பயறுச் செடியின் வேர் முடிச்சைக் கிள்ளிப் பார்ப்போமா?

கூட்டுயிர் வாழ்வு, அதாவது இரண்டு உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வது, என்றதும் பூவும் தேனீயும்தான் பலருக்கு நினைவு வரும். அதை நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம். மண்ணுக்கு அடியில் பயறு வேருக்கும் பாக்டீரியாவுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பார்க்கத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஒரு தொட்டி, பத்துத் தட்டைப்பயறு விதை, ஆறு வாரப் பொறுமை. அவ்வளவுதான்.

படி 1: மண்

ஏற்கெனவே பயறு விளைந்த இடத்து மண்ணாக இருந்தால் நல்லது. வேரில் சிறு உருண்டையாக இருக்கும் முடிச்சை உண்டாக்கும் ரைசோபிய வகைப் பாக்டீரியா மண்ணில்தான் வாழ்கிறது. வெறும் தேங்காய் நார்த்தூளில் வளர்த்தால் வேர் வெறுமையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். யூரியா போடவே வேண்டாம். யூரியாவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால், பாக்டீரியாவுக்குச் சோறு போட்டு வளர்க்கும் செலவைச் செடி குறைத்துக்கொள்ளும்.

படி 2: விதைத்துக் காத்திருங்கள்

வெயில் படும் இடத்தில் வையுங்கள், மண் காயாமல் நீர் ஊற்றுங்கள். இதற்குள் கீழே பேச்சுவார்த்தை தொடங்கியிருக்கும். வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளைக் கசியவிடும். பாக்டீரியா பதிலுக்குத் தன் வேதிச் சமிக்ஞையை அனுப்பும். உடனே வேர்மேல் மயிர்போல் இருக்கும் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே வளைத்துக்கொள்ளும்.

படி 3: செடியை எடுப்பது

பூ எடுக்கும் சமயத்தில் எடுங்கள். பிடுங்காதீர்கள்! முதல் தடவை நான் ஆர்வத்தில் பிடுங்கினேன், முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிட்டது. தொட்டியை நன்றாக நனைத்துக் கவிழ்த்து, மண்கட்டியோடு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு அலசுங்கள்.

படி 4: கிள்ளுங்கள்

இதற்காகத்தான் இத்தனையும். உருண்டையான ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவு. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. பாக்டீரியா தன் நைட்ரஜினேஸ் நொதியால் அதை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. சிக்கல் என்னவென்றால், ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் பாக்டீரியா மூச்சுவிட முடியாது. இரண்டுக்கும் நடுவே அளவாகப் பரிமாறுவது இந்தச் சிவப்புப் பொருள்தான். கூலியாக, இலையில் தயாரான சர்க்கரையிலிருந்து வரும் உணவு பாக்டீரியாவுக்குப் போகிறது.

வெள்ளையாக இருந்தால் இளம் முடிச்சு, அல்லது வேலை செய்யாத முடிச்சு. பச்சையோ பழுப்போ என்றால் வயதாகிவிட்டது. இதில் ஏமாற்றவும் இடமுண்டு என்பதால் செடி கணக்காகத்தான் இருக்கிறது: நைட்ரஜன் தராத முடிச்சுகளுக்குச் சோயாச் செடி ஆக்சிஜனைக் குறைத்துவிடுவதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

படி 5: ஏமாறாதீர்கள்

நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். வேரே ஆங்காங்கே புடைத்து, உதிராமல் இருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழுவின் வேலை. அது வாங்குவதோடு சரி, எதுவும் தராது. அந்த மண்ணை வேறு தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.