ஹோஸ்டா ஆசையா? நம்ம ஏரியாவுக்கு கலேடியம் வைங்க

இலைல வெள்ளை ஓரம் போட்ட குட்டி ஹோஸ்டா செடிய போட்டோல பாத்து மயங்கி, ஆன்லைன்ல கிழங்கு வாங்கி சென்னை தண்டையார்பேட்ட வீட்ல வச்சேன், நாலு இலை விட்டுச்சு, அப்புறம் வருஷா வருஷம் சின்னதாகி போயே போச்சு. அது ஜப்பான், கொரியா பக்கத்து செடிங்க, குளிர்காலத்துல பல வாரம் நல்லா குளிர்ல தூங்கணும். நமக்கு ஜனவரி ராத்திரியே 20 டிகிரி, எங்க தூங்குறது!

அதே அழகுக்கு வெள்ளை இலை விடுற கலேடியம்ங்குற கிழங்கு செடி போதும். ரெண்டு வீட்டு செவுத்துக்கு நடுவுல சந்து இருக்குமே, காலைல ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பாக்குற இடம், அங்க வைங்க. மார்ச், ஏப்ரல்ல ஆறு இன்ச் தொட்டில ஓட்டை இருக்கான்னு பாத்துட்டு செம்மண், கோகோபீட் (தேங்கா நார் தூள்), மண்புழு உரம் சமமா கலந்து, கிழங்கோட முளை மேல பாக்குற மாதிரி ரெண்டு இன்ச் ஆழத்துல புதைங்க. முளை வர்ற வரைக்கும் தண்ணி கம்மியா, இதுல அவசரப்பட்டுதான் நிறைய பேரு அழுக விடுறாங்க.

போர் தண்ணி உப்பா இருந்தா ஊத்தாதீங்க, இலை ஓரம் பேப்பர் கருகுன மாதிரி ஆயிடும், மெட்ரோ வாட்டர் இல்லன்னா மழை தண்ணி.

ஐப்பசி மழைல தொட்டிய உள்ள எடுத்துருங்க. இலை தானா படுத்துடும், செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, தண்ணிய நிறுத்திட்டு கிழங்க மாசிவரைக்கும் காஞ்ச மண்ணுலயே விடுங்க.

சேப்பங்கிழங்கு குடும்பம்தான், சாறு பட்டா அரிக்கும், பசங்க, பூனை கடிக்காம பாத்துக்கங்க.